வில்லுக்கத்திக்கு எந்த அலகு?
யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாவனையை முன்வைத்து ஒரு மதிப்பாய்வு

மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கும் வில்லுக்கத்திக்கு ஓர் அலகுதான் என்றால் அது எந்த வடிவில் இருக்க வேண்டும்? கேட்கச் சின்னக் கேள்வி. ஒஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பகுதியில் கிடைத்த எலும்புப் பிடி மடக்குக் கத்தி கி.மு. ஆறாம் நூற்றாண்டை ஒட்டியது என்று கணிக்கப்படுகிறது. அங்கிருந்து எண்ணினால் 2500 ஆண்டுகளாக ஆளுக்கொரு விடை சொல்லி வந்திருக்கிறார்கள். ஷெஃபீல்ட் பட்டறைகள் ஒன்று சொல்லின. அமெரிக்க வேட்டைக்காரர் இன்னொன்று சொன்னார்கள். சுவிஸ் இராணுவம் கேள்வியையே மாற்றிப் போட்டது. யாழ்ப்பாணத்துப் பனங்கூடலிலும் விடைகள் இருந்தன. கத்தி பற்றிய உலகப் பேச்சில் அவை அரிதாகவே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

அந்த விடைகளையும் சேர்த்து வைத்து முதன்மையான நிலைப்பாடுகளை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். எதை வெட்டுகிறோம், அதன் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்காமல் அலகின் வடிவத்தைப் பற்றி வாதிடுவது பெரும்பாலும் வீண் என்பது இங்கே முன்வைக்கப்படும் கருத்து. ஆனால் அதுவும் முழு விடை ஆகாது என்பதைப் பின்னால் காணலாம்.

பனையடியில் இருந்த விடைகள்

வில்லியம் பெர்குசன் பனை பற்றி எழுதிய நூல் 1850இல் கொழும்பில் வெளிவந்தது. பனையின் 801 பயன்களைப் பாடுவதாகச் சொல்லப்படும் தாலவிலாசம் என்ற செய்யுள் நூலை ஆங்கிலம் படித்தோர் பரவலாக அறிந்துகொண்டது அதன் வழியாகத்தான். பயன்கள் அத்தனை இருந்தாலும் அவற்றுக்காகக் குடாநாட்டு வீடுகளில் புழங்கிய அலகுகள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும்.

மட்டை தறிக்க, நுங்கு சீவ, விறகு கொத்தக் கொடுவாக்கத்தி. இது பாரத்தால் வேலை செய்வது. வீச்சுத்தான் முக்கியம், முனை வெறும் முடிவு. சட்டைப்பைக் கத்தியோடு இதற்கு உறவில்லை. கவனிக்க வேண்டியவை மற்ற மூன்றும்.

முதலாவது பாளைக்கத்தி. சீவல் தொழிலாளி இதைக் கருவிக் கூடான இயனக்கூட்டில் வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மரம் ஏறுகிறார். காலையும் மாலையும் பாளையின் நுனியை மிக மெல்லிய சீவலாகச் சீவிவிட வேண்டும். பழைய வெட்டுமுகம் காய்ந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் ஒவ்வொரு தடவையும் புது முகம் திறந்தால்தான் கள்ளோ கருப்பணியோ தொடர்ந்து சொட்டும். சீவல் தடித்தால் பாளை வேளைக்கே தீர்ந்துவிடும். வாய் மழுங்கிய கத்தியால் சீவினால் நார் நசுங்கி நீர் வடிவது குறையும். நாருக்குக் குறுக்கே, ஒரே இழுவையில், நசுக்காமல் வெட்டுவது ஒன்றே இந்த அலகின் வேலை. அதற்கு அகன்ற அலகும் சவரக்கத்தி போன்ற வாயும் போதும். கூர்முனைக்கு இங்கே அலுவலே இல்லை. முப்பது நாற்பது அடி உயரத்தில், ஒரு கை பாளையிலும் மறு கை கத்தியிலும் இருக்கையில் கூர்முனை இடைஞ்சலாகவும் இருக்கும்.

இரண்டாவது கொக்கச்சத்தகம். ஆட்டுக்குக் குழை வெட்ட, முருங்கைக்காய் ஆய, எட்டாத கிளையில் நிற்கும் மாங்காயை விழுத்த, நீண்ட கொக்கத்தடியின் நுனியில் கட்டப்படும் கொக்கி அலகு இது. வாய் உள்வளைவில் இருக்கும். கீழே நிற்பவர் செய்யக்கூடியது இழுப்பது மட்டும். அழுத்தவோ அறுக்கவோ வழியில்லை. கொக்கி, காம்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டு நழுவவிடாமல் வெட்டுகிறது. நேர் அலகை அதே தடியில் கட்டிப் பார்த்தால், கிளையில் பட்டு வழுக்கிக்கொண்டு போவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

மூன்றாவது காம்புச்சத்தகம். பெட்டி, கடகம், பாய் இழைக்கும் பெண்களின் கைக்கருவி. அலகு சிறியது, காம்பு நீண்டு ஒடுங்கிக் கூராக முடிவது. ஓலையில் ஈர்க்கை நீக்கி வேண்டிய அகலத்தில் வாருவதற்கு அலகு. இழைத்த பெட்டியைப் பொத்தும்போது துளையிட்டு நார் கோக்கக் காம்பு. ஓலையின் நரம்பு நீளவாட்டில் ஓடுகிறது. அலகு ஒருமுறை உள்ளே இறங்கிவிட்டால் பிளவு தானாகவே நரம்போடு போகும். அதன்பிறகு வாயின் கூர்மையைவிடக் கையின் நேர்மைதான் வேலை செய்கிறது. துளையிடும் பொறுப்பை அலகின் முனையிலிருந்து எடுத்துக் காம்புக்குக் கொடுத்திருப்பது இந்தக் கருவியின் தனித்துவம். முனை முறியும் கவலையும் இல்லை, முனைக்காக வாயின் வடிவத்தை விட்டுக்கொடுக்கவும் தேவையில்லை.

ஆக, குறுக்கே சீவ ஒன்று, தூரத்திலிருந்து இழுக்க ஒன்று, நீளவாட்டில் வார ஒன்று. வடிவத்தை நிர்ணயித்தவை நார் ஓடும் திசையும் கை நிற்கும் தூரமும். இவற்றில் எதுவும் மடங்காது; எதுவும் 'எல்லா வேலைக்கும்' என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை.

எழுத்தாணியோடு மடங்கிய கத்தி

மடங்கும் அலகு தமிழருக்குப் புதிதல்ல. அது வந்தது தோட்டத்திலிருந்து அல்ல, எழுத்துமேசையிலிருந்து. எழுத்தாணி வகைகளில் வாரெழுத்தாணியின் ஒரு நுனி எழுதக் கூராகவும் மறு நுனி ஓலையை வாரிச் சீர்செய்யச் சிறு கத்தியாகவும் இருக்கும். இரு பக்கமும் கூரான கருவியை மடியில் கொண்டுதிரிவது ஆபத்து. மடக்கெழுத்தாணி இந்தச் சிக்கலைத் தீர்த்தது: கத்தியும் ஊசியும் பிடிக்குள் மடங்கிவிடும். இறகுப் பேனாவைச் சீவுவதற்காகவே ஐரோப்பாவில் பேனாக்கத்தி உருவானதை இதனோடு ஒப்பிடலாம். எழுதுபவருக்கு வேண்டியது சிறிய, நேரான, நுண்மையான வாய் என்று இரண்டு மரபுகளும் தனித்தனியாகவே கண்டுகொண்டிருக்கின்றன.

கண்டி இராச்சியத்தின் பிஹா கெட்டா என்னும் அலங்காரக் கத்தியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளியும் பித்தளையும் பதித்த அந்தக் கத்திகள் பலவற்றின் உறையிலேயே எழுத்தாணிக்கும் இடம் இருந்தது. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பவழி வந்த ஆனந்த குமாரசுவாமி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் வெளியிட்ட நூல், இவற்றை உருவாக்கிய அரச பட்டறைகளின் மரபை விரிவாகப் பதிவுசெய்தது.

முனை வேண்டும் என்போர்

மேலைநாட்டு விவாதத்தில் உரத்து ஒலிக்கும் குரல் முனைக்கானது. இரு பக்கமும் சமமாகக் கூம்பும் ஈட்டிமுனை ஒன்று. முதுகைக் குழிவாகக் குறைத்து முனையை ஊசியாக்கும் வடிவம் மற்றொன்று. பின்னதன் புகழ் ஜிம் போயி என்ற அமெரிக்கரோடும் 1827இல் மிசிசிப்பி ஆற்றுத் திட்டொன்றில் நடந்த சண்டையோடும் ஒட்டிக்கொண்டது. அவர் கையில் இருந்த கத்தி உண்மையில் எந்த வடிவில் இருந்தது என்பது இன்றும் சர்ச்சைக்குரியது. வடிவத்தைப் பரப்பியது சண்டையா, அதன்பின் வந்த விளம்பரமா என்று கேட்பதில் தவறில்லை.

முனையின் பயனை மறுப்பதற்கில்லை. உரப்பை துளைக்க, காலில் ஏறிய முள்ளை எடுக்க, மீனின் வயிற்றைக் கீற, தோற்செருப்பில் புதுத் துளை போட முனைதான் வேண்டும். ஆனால் முனை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு எளிதில் முறியும். குடாநாட்டில் வில்லுக்கத்தி நெம்புவதற்கும் பயன்படுகிறது என்பதை யாரும் மறைக்கத் தேவையில்லை. சோடா மூடி முதல் சைக்கிள் செயின் வரை அதன் முனை பட்டிருக்கிறது. பழைய கத்திகளில் முனை போயிருப்பது வழமை, இருப்பது அபூர்வம்.

கத்தி செய்வோர் இதற்கு ஒரு நடுவழி கண்டார்கள். முதுகை மெதுவாகக் கீழிறக்கி, முனையைத் தடிப்பாக வைத்துக்கொள்ளும் இறங்குமுனை அது. அமெரிக்கரான பொப் லவ்லெஸ் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் வேட்டைக் கத்திகளில் இதைப் பிரபலப்படுத்தினார். விலங்கின் தோலை உரிக்கும்போது உள்ளுறுப்பு கிழியாமல் காக்க உருவான வடிவம் சட்டைப்பைக்கு ஏன் வந்தது என்பதற்குத் தர்க்கரீதியான காரணம் குறைவு. முறியாத முனை என்ற ஒரு நன்மை போதுமானதாக இருந்திருக்கலாம்.

நேர்வாயின் தரப்பு

எதிர்த்தரப்பு, முனையைக் கிட்டத்தட்ட ஒழித்தே விடுகிறது. வாய் அளவுகோல் வைத்ததுபோல் நேராகப் போகும். முதுகு வளைந்து இறங்கி வாயைத் தொடும். ஆட்டுக்குளம்பு அலகு என்று ஆங்கிலேயர் சொல்வது இதுதான். முதுகு இன்னும் நீளச் சரிந்து, நுண்முனையோடு முடிந்தால் அது வார்ன்கிளிஃப். ஷெஃபீல்டின் ஜோசப் ரொட்ஜர்ஸ் நிறுவனத்தோடும் வார்ன்கிளிஃப் பிரபுவோடும் இணைத்து இதன் பிறப்புச் சொல்லப்படுகிறது. அந்தப் பிரபுப் பட்டம் உருவானது 1826இல் என்பதால் பெயராவது அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஜப்பானில் 1890களில் மிக்கி நகரைச் சூழ்ந்து உருவான ஹிகோனொகாமி என்ற மலிவான மடக்குக் கத்தியும் நேர்வாயையே தேர்ந்தது. பென்சில் சீவவும் மூங்கில் செதுக்கவும் பள்ளிப் பிள்ளைகள் பல தலைமுறையாகப் பயன்படுத்தியது அது.

நேர்வாயின் முதல் நன்மை தீட்டுவதில். தட்டையான கல்லில் வாய் முழுவதும் ஒரே நேரத்தில் படியும், கோணம் மாறாது. தச்சர்களும் கொல்லர்களும் இதை நூல் படித்து அறியவில்லை. இரண்டாவது நன்மை பலத்தில். வளைந்த வாயில் முனை பிடியின் கோட்டுக்கு மேலே ஏறிவிடுவதால் நுனியால் வெட்டும்போது கத்தி கையில் திரும்பப் பார்க்கும். நேர்வாயில் கையின் அழுத்தம் நுனிவரை நேராகப் போகிறது. கயிறு, தோல், அட்டை, ஈர்க்கு எல்லாம் இதற்கு எளிதில் பணியும்.

மாலுமிகள் இந்த வடிவத்தை விரும்பியதற்குக் காரணம் வேறு. ஆடும் தளத்தில், கயிறு இறுகிய அவசரத்தில், கூர்முனை பக்கத்தில் நிற்பவரைக் குத்தும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, கைமாறி, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி போன்ற பாய்க்கப்பல்களில் கயிறு வெட்டும் தேவை உலகத்தின் மற்றக் கடல்களில் இருந்ததைப் போன்றதே. இன்று குருநகரிலும் மயிலிட்டியிலும் கயிறு நைலோனாக மாறிவிட்டது. வழுக்கும் நைலோனில் நேர்வாயைவிடப் பல்வாய் நன்றாகக் கடிக்கிறது என்பதால் கடற்றொழிலைப் பொறுத்தவரை இந்த வாதம் ஓரளவு பழசாகிவிட்டது.

நேர்வாய்க்கு மிகத் தெளிவான சான்று நாற்றுமேடையில் கிடைக்கிறது. கறுத்தக்கொழும்பான் மாங்கன்றை ஆப்பு முறையில் ஒட்டும்போது ஒட்டுத்தண்டின் அடியை இரு பக்கமும் சாய்வாகச் சீவி ஆப்பு வடிவமாக்குகிறார்கள். அடிக்கட்டையைப் பிளந்து அதற்குள் செருகுகிறார்கள். இரண்டு வெட்டுமுகங்களும் இடைவெளியின்றிப் படிந்தால்தான் பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படை ஒன்றோடொன்று சேரும். வாய் வளைந்திருந்தால் சீவிய முகத்தில் சிறு குழிவு விழும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழிவில் காற்றும் நீரும் புகுந்து ஒட்டு பிடிக்காமல் போகலாம். அதனால்தான் ஒட்டுக்கத்திகள் பெரும்பாலும் நேர்வாயோடு, ஒரு பக்கம் மட்டும் சாய்வு தீட்டப்பட்டு வருகின்றன. இங்கே வடிவம் விருப்பத்தைச் சார்ந்தது என்று சொல்ல முடியாது. கன்று பிழைப்பதும் சாவதும் அதில் தங்கியிருக்கிறது.

நேர்வாயின் குறைகளும் அதே அளவு வெளிப்படையானவை. பலகையில் வைத்து வெங்காயம் அரிய அது உருளாது. பழத்தின் தோலைச் சுற்றிச் சீவ வராது. மீனின் முள்ளோரமாக வளைந்து போகாது.

வளைவு ஏன் வெட்டுகிறது

வளைந்த வாயைப் பற்றிய பேச்சில் நெடுங்காலம் அனுபவம் மட்டுமே பேசியது. இயந்திரவியல் நோக்கில் இதை முறையாக ஆராய்ந்தவர்களில் பிரித்தானியப் பொறியியலாளர் டோனி அட்கின்ஸ் முக்கியமானவர். வெட்டுதலின் அறிவியல் பற்றிய அவருடைய நூல் 2009இல் வந்தது. அவர் தரும் விளக்கத்தின் சாரம் இது: அலகை நேரே அழுத்தினால் முழுப் பலமும் வேண்டும். அழுத்தும்போதே பக்கவாட்டில் இழுத்தால், அழுத்தத்துக்குத் தேவையான பலம் வெகுவாகக் குறைகிறது. இழுவை எவ்வளவு கூடுதலோ, அழுத்தம் அவ்வளவு குறைவு. தக்காளியை அழுத்தி வெட்டினால் நசுங்குவதும் இழுத்தால் நறுக்கென்று விழுவதும் இதனால்தான்.

வெளிப்புறம் வளைந்த வாய், கையை நேராக இழுத்தாலும், வெட்டும் பொருளைச் சாய்வாகவே சந்திக்கிறது. இழுவை தானாகவே உள்ளே வந்துவிடுகிறது. உள்வளைந்த கொக்கியும் அப்படித்தான், கூடுதலாகப் பொருளைக் கவ்விக்கொள்ளவும் செய்கிறது. வாழையிலை அறுப்பதற்கும் நார்க்கட்டு அவிழ்ப்பதற்கும் கொக்கி சிறந்திருப்பது இந்தக் கணக்கின்படியே. கொக்கச்சத்தகத்தை வடித்த கொல்லர்கள் கணக்கு எழுதாமலே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

கொக்கியின் சிக்கல் தீட்டுவதில் தொடங்குகிறது. தட்டைக் கல் உள்வளைவில் படியாது. உருண்டைக் கல்லோ அரமோ வேண்டும். பலகையில் வைத்து எதையும் வெட்ட முடியாது. நுனி எப்போதும் எதிலாவது மாட்டிக்கொள்ளும். பிரெஞ்சு ஒப்பினெல் உட்படப் பல நிறுவனங்கள் தோட்டக்காரருக்காக மடங்கும் கொக்கிக் கத்தியை விற்கின்றன என்றாலும் அவை பொதுப்பாவனைக் கத்தியாக எங்கும் வேரூன்றவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய ரோமானிய விடை நினைவுக்கு வருகிறது. முதலாம் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா, திராட்சை கவ்வாத்துக் கத்தியை வருணிக்கையில் அதன் ஒரே அலகில் ஆறு பகுதிகளைப் பிரித்துச் சொல்கிறார்: பிடியை ஒட்டிய நேர்வாய், வளைவு, சீவும் பகுதி, கொக்கிமூக்கு, முதுகிலுள்ள கோடரி, முனை. எந்த வேலைக்கு எந்தப் பகுதி என்றும் விளக்குகிறார். ஓர் அலகு ஒரு வடிவமாக மட்டுமே இருக்க வேண்டும் என்ற நம் அனுமானத்தையே அவர் கேள்விக்குள்ளாக்குகிறார் எனலாம். பிற்கால விவாதம் இந்த வழியில் அதிகம் போகவில்லை.

பல அலகுகள்

கேள்வியைத் தட்டிக்கழித்த தரப்பும் உண்டு. 1891இல் சுவிஸ் இராணுவத்தின் கைக்கு வந்த கத்தியில் ஈட்டிமுனை அலகோடு தகர்திறப்பான், திருகுச்செலுத்தி, துளையூசி ஆகியன இருந்தன. சுவிஸ் கத்தித் தயாரிப்பாளர் கார்ல் எல்ஸெனர் 1897இல் கொண்டுவந்த அதிகாரிகளுக்கான கத்தியில் இரண்டாவது சிறு அலகும் சேர்ந்தது. ஐரோப்பாவிலிருந்து ஊர் திரும்பும் உறவினரின் பெட்டியில் இந்தச் சிவப்புப் பிடிக்குத் தனி இடமுண்டு. துளையூசியைத் தனியே பிரித்தது இதன் புத்திசாலித்தனம். காம்புச்சத்தகம் செய்ததும் இதுதான். குறை, பருமனும் விலையும். பாவனையில் பெரிய அலகு ஒன்றே தேய்வதையும் மற்றவை புதிதாகவே இருப்பதையும் காண்கிறோம்.

வடிவமே இரண்டாம்பட்சமா?

இதுவரை சொன்ன தரப்புகள் அனைத்தையும் ஒரே வீச்சில் ஒதுக்கும் நிலைப்பாடு ஒன்று இருக்கிறது. பக்கவாட்டு வடிவம் வெறும் தோற்றம். உருக்கின் தரமும் அலகின் தடிப்பும் வாயின் கோணமும்தான் கத்தி என்பது அது. இதற்கு வலுவான ஆதாரங்கள் உள்ளன. கத்தியின் கூர்மையையும் அது நிலைக்கும் காலத்தையும் அளக்கும் ஐஎஸ்ஓ 8442-5 தரநிலையில், மணல் கலந்த அட்டைத்தாளை அலகு திரும்பத் திரும்ப அறுக்கிறது. அந்தச் சோதனையில் வெளிப்படுவது உருக்கும் வாயின் கோணமும்தான். ஆனால் சோதனை அமைப்பே வடிவத்தின் பங்கை ஒதுக்கிவைத்துத்தான் தொடங்குகிறது. அளக்காத ஒன்றை முக்கியமில்லாதது என்று முடிவுகட்ட அதை ஆதாரமாக்க முடியாது.

குடாநாட்டில் உருக்குக் கேள்விக்குக் கூடுதல் பாரம் இருக்கிறது. ஊர்க் கொல்லர் விரும்பும் மூலப்பொருள் பழைய லொறியின் வில்லுத்தகடு. அது நன்றாகத் தீட்டப்படும், வளைந்தாலும் முறியாது, பட்டறையில் எளிதில் பதம் ஏறும். ஆனால் எந்த ஊரிலிருந்தும் கடல் தொலைவில் இல்லாத நிலத்தில் அது ஒரு மாரிக்குள் துருவேறும். புளித்த கள்ளும் மாங்காய்ப்பாலும் கறுப்பு விழுத்தும். 1913இல் ஷெஃபீல்டில் ஹரி பிரியர்லி துருப்பிடிக்கா உருக்கைக் கண்டபின் இந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. மலிவான துருப்பிடிக்கா அலகுகள் வாயை நெடுநேரம் பிடித்துவைப்பதில்லை என்பது அதற்குக் கொடுத்த விலை. உயர்கரி உருக்கு இந்தத் தீவுக்கு இறக்குமதிச் சரக்காக மட்டும் வந்ததில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றின் விசையாலேயே இயங்கிய முதலாம் ஆயிரமாண்டின் உருக்குலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் அகழ்ந்து, அவற்றில் உயர்கரி உருக்கு உருவானதை 1996இல் நேச்சர் இதழில் நிறுவினார்.

வடிவத்தைப் பயனே தீர்மானிக்கிறது என்ற கருத்துக்கும் எதிர்ப்பு உண்டு. இங்கிலாந்தில் வேலி வெட்டும் கத்திக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு வடிவம். செய்யும் வேலையோ ஏறத்தாழ ஒன்றுதான். கைவினைஞரும் வடிவமைப்புச் சிந்தனையாளருமான டேவிட் பை, பயன் ஒருபோதும் ஒரே வடிவத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை என்று வாதிட்டார். ஹென்றி பெட்ரொஸ்கி 1992இல் எழுதிய நூலில், பொருள்கள் மாறுவது பயனைத் தேடி அல்ல, முந்தியதன் குறையைச் சகிக்க முடியாமல் என்றார். பனைக் கருவிகளிலும் ஒரே சத்தகம் கொல்லருக்குக் கொல்லர் வேறுபடும். நாரின் திசை எல்லையைத் தருகிறது. எல்லைக்குள் வழக்கமும் கைப்பழக்கமும் வடிவத்தை முடிக்கின்றன. இக்கட்டுரையின் தொடக்கக் கருத்தையும் அந்த அளவுக்குத் திருத்திக்கொள்வதே நியாயம்.

சட்டமும் சமூகமும்

முனை பற்றிய விவாதத்தில் அரசுகளும் பங்கெடுத்திருக்கின்றன. பிரான்சில் பதினான்காம் லூயி 1669இல் கூர்முனைக் கத்திகளைத் தடைசெய்ததாக வரலாறு சொல்கிறது. 2005இல் பிரித்தானிய மருத்துவ இதழில் அவசரசிகிச்சை மருத்துவர்கள் மூவர், நீண்ட கூர்முனைச் சமையற்கத்திகளின் விற்பனையே வேண்டாம் என்று எழுதினார்கள். தாங்கள் விசாரித்த சமையற்காரர்கள் முனை இன்றியமையாதது என்று சொல்லவில்லை என்பது அவர்களின் வாதங்களில் ஒன்று. ஆனால் புலம்பெயர்ந்த தமிழர் பலர் வாழும் பிரித்தானியாவின் 1988 சட்டம் வடிவத்தைப் பார்ப்பதில்லை. வாய் 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டாத மடக்குக் கத்திக்குத் தடையிலிருந்து விலக்கு உண்டு. அலகு எப்படி வளைந்தாலும் கணக்கு நீளத்தில்தான்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்கு வேறொரு நிழல் விழுந்திருக்கிறது. 2010களின் நடுப்பகுதியிலிருந்து வாள்வெட்டு என்ற சொல் இங்குள்ள செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபடுகிறது. இடுப்பில் கத்தி வைத்திருப்பது ஒரு காலத்தில் தொழிலின் அடையாளம். இன்று இளைஞர் ஒருவரின் பையில் கூர்முனைக் கத்தி இருந்தால் பார்ப்பவர் வேறு விதமாக எண்ணுவர். பயன்பாட்டு வாதம் எதுவாக இருந்தாலும், அமைதியான தோற்றமுள்ள அலகுக்கு இது ஒரு நடைமுறை நியாயத்தைச் சேர்க்கிறது.

தீர்ந்தவையும் தீராதவையும்

சில விஷயங்களில் கருத்து வேறுபாடு குறைந்துவிட்டது என்று கொள்ளலாம். ஒட்டுவேலைக்கு நேர்வாய், எட்ட நின்று இழுத்து வெட்டக் கொக்கி, உரித்தெடுக்கவும் பலகையில் அரியவும் வெளிவளைவு: இவை மூன்றையும் இயந்திரவியலும் அனுபவமும் ஒருமிக்க ஆதரிக்கின்றன. முனைக்கான வாதம்தான் பலவீனமானது. துளையிடும் வேலையைக் காம்புக்கோ தனி ஊசிக்கோ விட்டுவிட முடியும் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மரபுகள் காட்டியிருக்கின்றன.

தீராதவை பல. உப்புக்காற்றில் வடிவமும் உருக்கும் சேர்ந்து எப்படி நடந்துகொள்கின்றன என்பது முதலாவது. மெல்லிய நுண்முனையைத் துரு முதலில் தின்னும் என்று எதிர்பார்ப்பது நியாயம். அளந்து உறுதிப்படுத்தும்வரை அது எதிர்பார்ப்பு மட்டுமே. கொலுமெல்லாவின் வழியில், பிடியோரம் நேராகவும் நுனியில் இலேசாக உள்வளைந்தும் செல்லும் அலகு ஒன்று மடங்கும் கத்தியில் சாத்தியமா என்பது இரண்டாவது. நைலோனும் நீர்ப்பாசனக் குழாயும் பொலித்தீன் பையும் ஓலையின் இடத்தைப் பிடித்துக்கொண்ட தோட்டத்தில் நாரின் திசை என்ற அளவுகோல் இன்னும் எவ்வளவு தூரம் செல்லும் என்பது மூன்றாவது. நைலோனுக்கும் நாருண்டு. பொலித்தீனுக்கு இல்லை.

இந்த எல்லைகளோடு, குடாநாட்டு வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒரேயொரு வில்லுக்கத்திதான் என்றால், ஏழு சென்ரிமீற்றரளவில், முக்கால் பங்கு நேராகவும் நுனியில் சற்றே வளைந்தும் உள்ள வாயும், முதுகு இறங்கிய தடித்த முனையும் கொண்ட அலகைப் பரிந்துரைக்கலாம். ஒட்டுக்கன்று கட்டுவோர் தூய நேர்வாயையே தேடவேண்டும். குழை வெட்டுவோர் கொக்கச்சத்தகத்தை மடக்க முயல வேண்டியதில்லை.

பாளைக்கத்தியும் சத்தகங்களும் பழைய பொருளாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் போவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பனை அபிவிருத்திச் சபையோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமோ ஊர் ஊராகச் சென்று அவற்றின் வளைவு, தடிப்பு, வாயின் கோணம் ஆகியவற்றை அளந்து வரைபடமாக்க வேண்டும். அளவெடுக்கக் கருவியும் விளக்கம் சொல்லக் கொல்லரும் இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.